ஓடும் புள்ளி

ஜூலை 14, 2025, திங்கள்

மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேபில் உட்கார மிஸ் அனுமதி கொடுத்துவிட்டார். இரண்டு மாதமாகப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் நிற்கிறேன். இதில் மட்டும்தான் நேரம் போகிறது. பிரௌசரிலேயே நிரல் எழுதலாம், எழுத எழுதப் பக்கத்தில் படம் அசைகிறது. ஷேடர் என்று பெயர். உலகம் முழுக்க யார் யாரோ கடலும் மேகமும் நெருப்பும் இப்படிச் செய்து, நிரலையும் மறைக்காமல் கூடவே வைத்திருக்கிறார்கள். எல்லாம் வெறும் கணக்கு. திரையின் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பக்கத்துப் புள்ளி என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது.

நான் இன்று செய்தது ஒரு வட்டம். என் வகுப்பு அதியா எட்டிப் பார்த்தாள். "சோறு திங்காம வட்டம் போடறியா? காம்பஸ் வெச்சா ஒரு நிமிசம்டி."

வீட்டில் ஒன்றும் மாறவில்லை.

ஜூலை 17, வியாழன்

பிசியோதெரபி செய்யும் ஹரீஷ்குமார் அண்ணன் வந்து அம்மாவின் விரல்களை மடக்கி நீட்டினார். மே மாதம் கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது அம்மாவுக்குத் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. அதற்குப் பிறகு பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கண் திறந்திருக்கிறது, எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

"ஏதாச்சும் மெதுவா நகர்றத காட்டுமா. கண்ணு பின்னாலயே போகுதான்னு பாரு. போச்சுன்னா ஒள்ளேது, ரொம்ப நல்லது" என்றார். அவருக்குத் தமிழ் நடுவில் கன்னடம் வந்துவிடும்.

ஆகஸ்ட் நாலாம் தேதி டாக்டர் பார்ப்பார். முன்னேற்றம் இருந்தால் இங்கேயே பயிற்சி தொடரும். இல்லையென்றால் அம்மாவைக் கிருஷ்ணகிரிப் பக்கம் பெரியப்பா வீட்டில் விட்டு, என்னை ஹாஸ்டலில் சேர்ப்பதாக அப்பா முடிவு செய்திருக்கிறார். அவருக்கு ஷிஃப்ட் வேலை. சுகுணா அத்தை தன் வீட்டை விட்டுவிட்டு எத்தனை நாள் எங்களோடு இருக்க முடியும்? அப்பா கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நானும் சாப்பிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

கறுப்புத் திரை. அதில் ஒரு மஞ்சள் புள்ளி, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். லேபில் வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வந்து அம்மாவின் போனிலேயே அதைத் திறந்து, சார்ஜர் சொருகி, திரை அணையாதபடி மாற்றி, கட்டிலுக்கு எதிரே பிஸ்கட் டப்பாவில் சாய்த்துவைத்தேன். முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் நான் போனுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன்.

கண் நகர்ந்தது. இடம். வலம். இடம்.

சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? அத்தையைக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 23, புதன்

காலையில் நகர்ந்தது. மாலையில் நகரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

தினமும் இப்படியே. காலையில் பக்கத்தைத் திறக்கிறேன், கண் பின்னாலேயே போகிறது. நாள் முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன். மாலையில் வந்து உட்கார்ந்தால் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கிறது. திடீரென்று வேறு பக்கம் தாவுகிறது. மறுபடி நிற்கிறது.

"பொழுது சாயச் சாய அவளும் சாஞ்சிடறா போல" என்றாள் அத்தை.

ஹரீஷ்குமார் அண்ணனுக்குப் போன் செய்தேன். கண் தாவுவது வலிப்பாகக்கூட இருக்கலாம், டாக்டரிடம் மறக்காமல் சொல் என்றார். காலையில் நகர்வதையும் பெரிதாக நம்ப வேண்டாமாம்.

அப்பா வாசலில் நின்று பெரியப்பாவிடம் பேசினார். "அங்க கட்டில் போட எடம் இருக்குதாண்ணா?" அது மட்டும் கேட்டது.

ஆகஸ்ட் 2, சனி

மழை. சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. அறையில் போன் வெளிச்சம் மட்டும். அம்மாவின் கண் நின்றிருந்தது. போர்வையை இழுத்துவிடப் பக்கவாட்டில் குனிந்தேன். அம்மாவின் கருவிழிக்குள் குட்டியாக மஞ்சள் புள்ளி தெரிந்தது.

அது ஓடவில்லை.

நின்றது, நின்றது, பிறகு தாவியது. கண்ணும் கூடவே தாவியது.

திரும்பித் திரையைப் பார்த்தேன். இத்தனை நாள் மாலையில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை — லேப்ல நல்லாத்தான ஓடுச்சு, இங்க ஏன் நிக்குது? அப்போ அம்மா பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கா. புள்ளி நின்னா இவளும் நின்னிருக்கா. நான்தான் — நான் இதையெல்லாம் வலிப்புன்னு நெனச்சு —

அத்தையிடம் கேட்டேன். "ஆமா, மத்தியானத்துக்கு மேல அது நின்னு நின்னுதான் போவும். நீ அப்படித்தான் செஞ்சிருக்கன்னு நெனச்சேன்."

பக்கத்தை மூடித் திறந்தேன். புள்ளி ஓடியது. கண்ணும் ஓடியது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காரணம் கிடைத்தது. எண்களில் நடுத்தரத் துல்லியம் போதும் என்று நிரலின் தலையில் ஒரு வரி போடுவது வழக்கம். எல்லோரும் போட்டிருந்தார்கள், நானும் பார்த்து எழுதினேன். லேப் கணினி அந்த வரியைக் கண்டுகொள்வதில்லை. அம்மாவின் போன் அப்படியே கீழ்ப்படிந்திருக்கிறது. பக்கம் திறந்து எத்தனை நொடி ஆயிற்று என்பதை வைத்துத்தான் புள்ளி நகர்கிறது. மணிக்கணக்கில் திறந்திருந்தால் எண் மிகப் பெரிதாகிவிடும். அப்போது அடுத்தடுத்த நொடிகளை அந்தப் போனால் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே நொடி.

யாரோ ஒருவர் தன் கடல் படத்தின் நிரலுக்கு நடுவே இதை எச்சரிக்கையாக எழுதிவைத்திருந்தார். எந்த ஊரோ. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நேரம் பூஜ்யத்துக்குத் திரும்பும்படி மாற்றினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பழைய புள்ளியை அம்மாவின் போனில் விடிந்ததிலிருந்தே திறந்துவைத்திருந்தேன். புதியது அப்பாவின் போனில். டாக்டரிடம் இரண்டையும் காட்டினேன். அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவை அழைத்து அதே இடத்தில் உட்காரவைத்தார்.

"ஓடினா ஓடுறாங்க, நின்னா நிக்கிறாங்க. பாத்தீங்களா? வலிப்பு இல்ல. பயிற்சிய நிறுத்தாதீங்க."

அப்பா எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியே வந்ததும் போனை எடுத்தார். "அண்ணா, கட்டில் வேணாம். இல்ல, இங்கயே பாத்துக்கறோம்."

நான் அம்மாவின் செருப்பைப் பையில் வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அத்தை அதை எடுத்து வருகிறாள், எதற்கோ.

ஆகஸ்ட் 13, புதன்

ஒன்றும் இல்லை. புள்ளி ஓடுகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று மாலை புள்ளி சரியாகத்தான் ஓடியது. திரையைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முகத்தை. தானாகவே.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "அவளுக்குச் சலிச்சிடுச்சுடி. எத்தினி நாளைக்கு ஒரே புள்ளியக் காட்டுவ?"

சீரியலுக்கு நடுவில் விளம்பரம் வந்தால் அம்மா இப்படித்தான் திரும்பிக்கொள்வாள்.

இதை எழுதும்போது எழுத்து நனைகிறது, துடைத்துத் துடைத்து எழுதுகிறேன். நாளை லேபில் வேறு படம் செய்ய வேண்டும்.