கன்டெய்னர் சமையலறையில் உப்பு

மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பவளுக்கு,

நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறியதால் இங்கே அடுப்பு ஒன்றும் அணைந்துவிடவில்லை. சுரங்க வேலை முகாமை மலையில் இன்னும் மேலே மாற்றிவிட்டார்கள். நம் சமையல் கன்டெய்னரை லாரியிலிருந்து இறக்கியபோது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியே சமைத்தால் பெரிய சட்டியில் எண்ணெய் ஒரு மூலைக்கு ஓடிவிடும். அடியில் கட்டை கொடுத்து நிமிர்த்திய பிறகே அடுப்பைப் பற்றவைத்தேன்.

சுரங்கம் தோண்டும் ஆட்களுக்கு வாய் நீண்டுவிட்டது. "பெரியவரே, கடல் தண்ணியையே காய்ச்சி ஊத்திட்டீங்களா?" என்றான் ஒருவன். மறுநாள் உப்பைக் குறைத்தேன். "இன்னைக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்கிறான்.

மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க வீட்டம்மா உப்புப் பார்த்தப்போ இப்படி இல்லையே. இனியும் இப்படின்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார்.

நீ பஸ் ஏறிய அன்று குழம்பில் உப்பில்லை என்று எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினேன். இல்லாததை இல்லை என்றேன், அதில் என்ன தப்பு? இப்போதும் எதைத் தொட்டு நாக்கில் வைத்தாலும் உப்புத் தெரியவில்லை. கடைக்காரன் மட்டமான உப்பை அனுப்புகிறான்.

இங்கே வரும் காய்கறி லாரி வெள்ளிக்கிழமை மகள் வீட்டுத் தெருமுனையில் நிற்கும். நான் கூப்பிடவில்லை, வருவதும் வராததும் உன் இஷ்டம். பின்னால் உட்கார்ந்தால் உனக்கு வாந்தி வரும் என்பதால், முன் இருக்கையில் யாரையும் ஏற்ற வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் வீட்டுக்காரன்