வெள்ளைத்தாய் சொன்ன சொல்

சிவகாசி,
19-10-1958

அன்பு மகள் பொன்னுத்தங்கத்துக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அசாம் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் அம்மாவுக்கு ஓயாத கவலை. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து என்று பத்திரிகையில் பார்த்து நீ பயந்துவிடக்கூடாதே என்று எழுதுகிறேன். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

போன மாதம் நம் சபைக்கு ஒரு பிரசங்கியார் வந்தார், கணீரென்ற குரல், மூன்று நாள் கூட்டம். கடைசி நாள் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கம்பெனியை அக்கினி தொடாது என்று கர்த்தர் என்னோடு பேசினார் என்றார். முதலாளிக்கு ஒரே பூரிப்பு. ஆமென் என்று முதலில் சத்தம் போட்டவன், ஃபோர்மேனாகிய நான்தான். அதோடு எனக்கு ஓர் அசட்டுத் தைரியம் வந்து, வெடிமருந்து கலக்கும் அறையில் ஓடு ஒழுகுவதைக்கூட மாற்றச் சொல்லாமல் விட்டேன். போன திங்கட்கிழமை நல்ல மழை. செவ்வாய் காலை அங்கே வேலை செய்கிற வெள்ளைத்தாய் என்னிடம் ஓடி வந்தாள். மல்லாங்கிணற்றுக்காரி, போன வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்தவள், எழுத்துத் தெரியாது, கோயிலில் கடைசிப் பாயில் உட்காருவாள். "அய்யா, கலந்து வச்ச மருந்துல ஈரம் பட்டிருக்கு. தட்டைத் தொட்டாச் சுடுது, நெடி அடிக்குது. பொம்பளைப் பிள்ளைகளை வெளிய அனுப்புங்க" என்றாள். தீபாவளி சீசன், லோடு ஏற்ற லாரி நிற்கிறது. பிரசங்கியார் சொன்னதைவிட உனக்கு அதிகம் தெரியுமோ, ஆண்டவர் உன்னிடம் வந்து பேசினாரோ என்று கேட்டு, இப்போதே வேலையை விட்டுப் போ என்றேன். அவள், "எங்கிட்ட அவுக ஒண்ணும் பேசலை அய்யா. கை சுட்டுச்சு, அம்புட்டுத்தான். நான் போறேன், இவளுகளையும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி உள்ளே போய், பதினோரு பெண்களையும் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டுக் கடைசியில் தான் வந்தாள். அவர்களைத் திட்டிக்கொண்டே பின்னால் போன நானும் வேலியைத் தாண்டியதும் அந்த அறை வெடித்துப் போய்விட்டது, மகளே. புகை விலகினபோது வாசற்படிக் கல் மட்டும் கிடந்தது. அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆண்டவர் என் எதிரே நின்று பேசியிருக்கிறார், நான் அவரையே வெளியே போகச் சொல்லியிருக்கிறேன்.

பிரசங்கியார் தம்முடைய ஜெபத்தால்தான் உயிர்ச்சேதம் இல்லை என்று கார்டு போட்டிருக்கிறார். நான் பதில் போடவில்லை. வெள்ளைத்தாயைத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லி நேரில் போய்க் கேட்டேன். "மத்த ரூம் ஓடெல்லாம் மாத்துங்க அய்யா, வாரேன்" என்றாள்.

அங்குள்ள சபை ஊழியக்காரர் ஒருவர், நீ அவர் தம்பியைக் கட்டிக்கொள்வதே தேவசித்தம் என்று தரிசனம் கண்டதாகச் சொன்னார், என்ன செய்ய என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அவர் சொல்வதால் அவருக்கு என்ன வருகிறது, உனக்கு என்ன ஆகும் என்று பார். பயப்படாமல் கேள்வி கேள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் விலகிவிடு. முதலில் நானே அந்தப் பிரசங்கியாரிடம் அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

இன்று ஆராதனையில் போதகர் வெள்ளைத்தாயைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எழுந்து நின்றாள். பிறகு அய்யம்மாள், முத்துப்பேச்சி, பஞ்சம்மாள் என்று பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "எல்லாரும் இருக்காக, சாமி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஈரத் தலையோடு ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகாதே. உடனே பதில் எழுது, அம்மா தபால்காரரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சா. அய்யாதுரை