பிடி அரிசி

ஞாயிறு, இரவு.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். படித்தவள் என்று என்னையே ஜெபிக்கச் சொன்னார்கள். தந்த ஆகாரத்துக்காக நீளமாக ஸ்தோத்திரம் சொன்னேன். சோறு கொஞ்சம் தடித்தாலே எனக்கு இறங்காது. இரண்டாம் வாயில் வாடை தொண்டையில் நின்றது. வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன்.

“இன்னாக்கா, ஜெபம் அவ்ளோ பெருசா பண்ணீங்க, சோறு எறங்கலையா?” என்று பாஸ்டரம்மா சிரித்தார். “நாலு தபா கழுவித்தான் வடிச்சேன். நீங்கல்லாம் வாராவாரம் கொண்டாந்து போட்ற பிடி அரிசிதான்கா. எங்க வூட்டுக்கு அதான் சாப்பாடே.”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்து, ஞாயிறன்று சபையில் கொடுக்கிறோம். நாங்கள் தின்பது உத்திரமேரூர்க் கடையில் வாங்கும் பொன்னி. ரேஷன் அரிசி கோழிக்கும் காணிக்கைப் பைக்கும். இத்தனை வருடமாக நான் கர்த்தருக்குக் கொடுத்ததை இன்று என்னாலேயே விழுங்க முடியவில்லை.

சாயங்காலம் உலை வைக்கும்போது பொன்னி மூட்டைக்குள் கையை விட்டேன். காணிக்கைப் பைக்குள் போடும்போதுதான் பார்த்தேன். கையில் பாதிப் பிடிதான் இருந்தது.