கொட்டாஞ்சேனையில் போட்ட பூசை வைன்

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
3-12-1942

அன்பு மனைவி இமெல்டாவுக்கு,

நான் போட்ட வைன் பூசைக்கு ஆகும் என்று பங்குச் சுவாமி நேற்று ஏற்றுக்கொண்டார்.

சண்டையால் ஐரோப்பாவிலிருந்து பூசை வைன் வந்து இரண்டு வருடமாகிறது. கோயிலில் மிச்சம் சில போத்தல்கள்தான். கள்ளு உதவாது, வேறு பழம் உதவாது, திராட்சையில் புளித்ததாகவே இருக்கவேண்டும். கடை வைத்திருப்பவன் சும்மா இருப்பேனா? மீரா சாஹிப் நானாவின் கிட்டங்கியில் பாரசீகத்து உலர்ந்த திராட்சை இரண்டு மூட்டை கிடந்தது. விற்கிறதோடு தன் வேலை முடிந்தது, அதை நான் என்ன செய்கிறேன் என்று தனக்குத் தெரியவே வேண்டாம் என்று சொல்லித் தந்தார்.

முதல் ஜாடியை நீ நத்தாருக்குப் போடுகிற மாதிரியே சீனி, கராம்பு, கறுவா எல்லாம் சேர்த்துப் போட்டேன். சுவாமி ஒரு வாய் குடித்துவிட்டு, இது தன் மேசைக்கு நல்லது, பீடத்துக்கு ஆகாது, சீனியே சேரக்கூடாது என்றார். போத்தலை மட்டும் திருப்பித் தரவில்லை.

அவர் பிரான்சில் திராட்சைத் தோட்டத்தில் பிறந்தவர். சைப்பிரஸ் தீவில் பல நூறு வருடமாக வெயிலில் காயவைத்த திராட்சையில்தான் பேர்போன வைன் எடுக்கிறார்களாம். பழைய கிரேக்கர் வைனில் தண்ணீர் கலக்காமல் குடிப்பவனை நாகரிகம் தெரியாதவன் என்பார்களாம். பூசையில் கிண்ணத்துக்குள் ஒரு துளி தண்ணீர் விடுகிறார்களே, அதுவும் அந்தக் காலத்து வழக்கத்திலிருந்து வந்ததாம். இத்தனை வருடம் பூசை கண்டும் எனக்கு இது தெரியாது.

இரண்டாவது ஜாடியில் திராட்சையும் தண்ணீரும் மட்டும். ஆறு வாரம் வைத்தேன். சுவாமி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார், முகர்ந்தார், குடித்தார். இது வைன் என்றார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து தொடங்கியவன் போட்டது, இமெல்டா. உன் தம்பி கிளறன்சுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பாதிப் பூசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். சிலாபம் போய் எட்டு மாதம். அங்கேயும் நீ கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று கிளறன்ஸ் எழுதியிருந்தான். குறை சொல்லவில்லை, நானும் ஓடியவன்தான். அதன்பிறகு கொழும்பில் குண்டு விழவில்லை. பிள்ளையைக் கர்த்தர் காப்பாராக.

சுவாமியோடு பேசி முடித்தது இது: போத்தல் இரண்டு ரூபாய், வெறும் போத்தல் திரும்பி வரவேண்டும், சீனி கண்டால் ஜாடி முழுவதும் வாபஸ். என் பக்கத்து நிபந்தனை ஒன்றுதான். இந்த 25ஆம் திகதி நத்தார் காலைப் பூசையில் நீ வந்து உட்கார்ந்த பிறகே முதல் போத்தல் திறப்பது. அதற்கும் சுவாமி கை தந்துவிட்டார்.

உன்
சவுந்தரநாயகம்