ஹாரன் அடிச்சேன்ல

ஐப்பசி, திங்கள்

காலையில் தூறல். சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பின் டயர் வழுக்கை. தீபாவளிக்குள் மாற்ற வேண்டும்.

மண்ணரை வளைவில் ஒரு வேன் உரசிவிட்டுப் போனது. ஹேண்டில் திரும்பி, முழங்கை சுவரில் இடித்துத் தோல் கிழிந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "சாவறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதாடி? ஹாரன் அடிச்சேன்ல!" கூடவே ஒரு வார்த்தை. அதை இங்கே எழுத மாட்டேன்.

கத்தியது என் வீட்டுக்காரர்.

துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தேன். தூசிக்கும் சாயப்பட்டறை நாற்றத்துக்கும் இங்கே எல்லாரும் சுற்றுவதுதான். கண் மட்டும் தெரியும். சைக்கிளும் அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. ஊரில் பாதிப் பேர் அதே சைக்கிளில்தான் போகிறோம். அவருக்கு நான் யாரோ ஒருத்தி.

இவர் ஓட்டுவது என்னுடையது இல்லை, வேறு பனியன் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன். அந்தப் பக்கம் ரோடு தோண்டிப் போட்டதால் இந்த வாரம் இந்த வழி.

சாயங்காலம் மருந்து போட்டுவிட்டார். "எப்படிம்மா இடிச்சுக்கிட்டே?" "வழுக்கிட்டனுங்க." மருந்து எரிந்தது. எனக்கு அந்தக் கையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

செவ்வாய்

மழை இல்லை. செக்கிங் டேபிளில் முழுக்கக் குழந்தைகள் பனியன். கழுத்தில் ஓட்டை நிறைய. தையல் பிரிவில் தூங்கிக்கொண்டே தைக்கிறார்களா?

பக்கத்தில் உட்காரும் பார்வதி, வேலைக்குப் புதுசு. கத்தரியை மேசையில் குத்திக்கொண்டே பேசினாள். "அந்த வெள்ளை வேன்காரன் நேத்து என்ற தங்கச்சியைச் சாக்கடையில தள்ளிட்டானக்கா. கேட்டா ஹாரன் அடிச்சேங்கறான். ஒரு நாளைக்குக் கையில சிக்கட்டும், தோலை உரிச்சுத் தொங்க உடறேன்." டேபிளே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளுக்கு அது யாரென்று தெரியாது.

இந்த ஊரில் ஹாரன்தான் பிரேக். அடித்தாயிற்றா, இனி ஒதுங்குவது எதிராளி பாடு. ஒதுங்காதவன் செத்தால் அது அவன் தப்பு.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, சைக்கிள் டயர்.

புதன்

காலையில் இவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். "முந்தாநேத்து வளைவுல ஒருத்தியைத் திட்டுனீங்களே, அது நானுங்க."

முதலில் சிரித்தார். முழங்கையைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. வலிக்கிறதா என்று கேட்பார் என்று ஒரு நிமிடம் நம்பினேன். "நீ எதுக்கு நடுரோட்டுல வந்தே?" என்றார்.

"நா ஓரமாத்தானுங்க வந்தேன்."

"ஹாரன் அடிச்சேன்ல? நீ பாட்டுக்கு ஓட்டுவே. எனக்கு ரெண்டு டிரிப். மொத டிரிப் புள்ளைகளை எறக்கிட்டு மறுபடி ஓடோணும். மணி அடிச்சா கேட்டைச் சாத்திருவான். வேன்ல இருக்கறவளுங்களே 'அண்ணா, இன்னும் வேகமாப் போங்ண்ணா'ங்கறாளுக. உனக்கென்ன தெரியும்?"

"அப்ப நா செத்தாலும் ரெண்டாவது டிரிப் போவீங்களா?"

அறைந்தார். கல்யாணமாகி முதல் தடவை. வாளியோடு தண்ணீரைத் தூக்கி மூஞ்சியில் எறிந்தேன். வாளி விளிம்பு புருவத்தில் பட்டு ரத்தம். பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்து மூடியது. பிறகு இரண்டு பேரும் வேலைக்குப் போனோம்.

கன்னம் வீங்கியிருக்கிறது. துப்பட்டா இருக்கிறது, மறைத்துக்கொள்ளலாம்.

வியாழன்

சாப்பாடு மட்டும் வைத்தேன். ரசம், அப்பளம். கைகழுவப் போனவரின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். கேட்டாரா தெரியாது. சைக்கிள்காரனைத் தாண்டினால் அவன் கையை நீட்டினாலும் படாத அளவு இடம் விடு. இடம் இல்லையா, பின்னாலேயே வா. டீ டயத்தில் கம்பெனி வாசலில் கூட்டம் கடக்கும், நில். காதுக்குப் பின்னால் ஹாரன் அடிக்காதே, பயந்து திரும்பினால்தான் விழுவார்கள்.

"நீ வேணா வந்து ஓட்டு" என்றார். அப்படியென்றால் கேட்டிருக்கிறது.

வெள்ளி

வெயில். மதியம் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை. எனக்கு முன்னால் தீபக் சைக்கிளில் போனான். எங்கள் கம்பெனிக்கு எதிரே துணி பிரிண்டிங் பட்டறையில் வேலை, ஊர் பீகார்ப் பக்கம். தினமும் பார்க்கிற பையன், "நமஸ்தே தீதி" என்பான், தீதி என்றால் அக்காவாம். கம்பெனிச் சந்துக்குத் திரும்ப வலது கையை நன்றாக நீட்டிக் காட்டினான். நான் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஹாரன். நீளமாக, விடாமல். என்னைத் தாண்டி, அவன் நீட்டிய கைப்பக்கமே வேன் ஏறியது. வேகம் குறையவே இல்லை. சத்தம் என்னவோ சின்னச் சத்தம்தான். சைக்கிள் மடிந்தது.

இவர் இறங்கினார். ஓடவில்லை. "ஹாரன் அடிச்சேன்ல, ஹாரன் அடிச்சேன்ல" என்று எல்லாரிடமும் சொன்னார். சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு தர்ம அடிதான். டீக்கடைக்காரர், கட்டிங் மாஸ்டர், வேனிலிருந்து இறங்கிய பெண்களே இரண்டு பேர். பார்வதி செருப்பைக் கழற்றினாள். இவருக்கு மூக்கு உடைந்தது. நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.

உண்மையை எழுதுகிறேன். ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் போடு, இன்னும் போடு என்று வாய்க்குள் சொன்னேன்.

யாரோ முனகியது கேட்டுத் திரும்பினேன். தீபக் சாக்கடை ஓரம், சைக்கிளுக்கு அடியில். தொடை தப்பான இடத்தில் வளைந்திருந்தது. அவன் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. அத்தனை பேரும் அடிப்பதில் இருந்தார்கள். நானும்தான்.

துப்பட்டாவைப் பிய்த்து எறிந்தேன். "அடிபட்டவனைத் தூக்குங்கடா பாவிகளா! அடிச்சது போதும், இங்க வாங்கடா!" ஒருவன் அதற்குள் இவர் மேல் போட ஹாலோபிளாக் கல்லைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். குறுக்கே போய் விழுந்தேன். கல் என் தோளில் உரசிக் கீழே விழுந்தது.

பார்வதி என்னை இழுத்தாள். "உனக்கென்னக்கா வந்துச்சு? இவனுக்குப் போயி..."

"என்ற ஊட்டுக்காரரு."

செருப்பு அவள் கையிலேயே நின்றது. "செவ்வாக்கெழமையே சொல்லியிருக்கலாமல்லக்கா" என்றாள்.

தீபக்கைக் கதவுப் பலகையில் கிடத்தி ஆட்டோவில் ஏற்றினோம். நானும் பார்வதியும் போனோம். என் மடியில் தலை. வழியெல்லாம் "கால் இருக்கா தீதி?" என்றான். இருக்கு கண்ணு, இருக்கு. இவரைப் போலீஸ் கூட்டிப்போனது.

ஞாயிறு

மப்பும் மந்தாரமும். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஈரத் துணி. தீபக்குக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி நேராக நடப்பானா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். ஊரிலிருந்து அண்ணன் வந்துகொண்டிருக்கிறான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். "நான் கை காட்டினேன் தீதி" என்றான். ஒரே பேச்சு அதுதான்.

இவரை ஜாமீனில் விட்டார்கள். உதட்டில் தையல். கஞ்சிதான் இறங்குகிறது. நான்தான் ஊட்டினேன்.

மதியம் ஆரம்பித்தார். "நாளைக்கு ஸ்டேஷன்ல உன்னைக் கேப்பாங்க. கை காட்டலை, திடீர்னு திரும்பிட்டான்னு சொல்லும்மா. மொத்தப் பேருல பின்னாலயே வந்தவ நீ ஒருத்திதான். லைசென்ஸ் போச்சுன்னா நா என்ன பண்ணுவேன்?"

"காட்டுனானுங்க."

"யாருக்குத் தெரியும்?"

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அடிக்கத் தோன்றியது. அடிக்க அந்த முகத்தில் இடம் இல்லை. அழுதேன்.

திங்கள்

மழை. ஸ்டேஷனுக்கு நனைந்துகொண்டே சைக்கிளில் போனேன். இவர் முன்னாலேயே வந்து பெஞ்சில் இருந்தார்.

எஸ்.ஐ. கேட்டார். "அந்தப் பையன் கை காட்டுனானாம்மா?"

இவர் என்னையே பார்த்தார். புருவத்தில் நான் போட்ட காயம்கூட இன்னும் ஆறவில்லை.

"காட்டுனானுங்க. நல்லா நீட்டிக் காட்டுனானுங்க. இவரு ஹாரன் அடிச்சாருங்க. பிரேக் அடிக்கலீங்க."

"நீ இவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரமுங்க."

பேனா நின்றது. "யோசிச்சுச் சொல்லும்மா." அதையே மறுபடி சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

இவர் வெளியே ஓடிவந்து என் சைக்கிள் கேரியரைப் பிடித்தார். தையல் பிரிந்து உதட்டில் ரத்தம். "இனி ஊட்டுப் பக்கம் வந்துறாதடி, வெட்டிருவேன்."

கையைத் தட்டிவிட்டு மிதித்தேன். வீட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.