சினை நண்டு வந்த சனிக்கிழமை

மார்ச் 2, சனி

கடல் ஏற்றம் காலை 8.10. இவர் ஐந்தரைக்குக் கிளம்பி, பகல் ஒன்றுக்குத் திரும்பினார். நண்டு நான்கு. நான்கும் சேற்று நண்டு.

எழுதிவிட்டு யோசிக்கிறேன். இவர் வலை இறக்குவது அலைதடுப்புக் கற்கள் மேலிருந்து. கீழே வெறும் மணல். பதினாறு வருஷமாக இந்த நோட்டில் நண்டுக் கணக்கு எழுதுகிறேன். நீலக்கால் நண்டு தவிர வேறு வந்ததே இல்லை. கேட்டேன். வழி தவறி வந்திருக்கும் என்றார். நான்கும் சேர்ந்தா, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி? சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

மார்ச் 9, சனி

நண்டு ஆறு. நீலக்கால்தான். ஆண் ஐந்து, பெண் ஒன்று.

அந்தப் பெண் நண்டைத் திருப்பினேன். வயிற்று மடலுக்கு வெளியே மஞ்சள் பஞ்சு போல முட்டை. சினை நண்டு.

வாரச் சம்பளமெல்லாம் மருந்துக்கே போன காலத்தில்கூட இவர் சினை நண்டைக் கொண்டு வந்ததில்லை. வலையில் வந்தால் கையாலேயே இறக்கி, போ தாயே என்று தண்ணீரில் விடுவார். நண்டை வைத்துப் பார்க்கும் அளவுக்கட்டைக்கு ஒரு நூல் குறைந்தாலும் விட்டுவிடுகிற மனுஷர். இன்று எப்படி?

கேட்கவில்லை. மாலை வலையை எடுத்துப் பார்த்தேன். இரும்பு வளையம், கயிறு எல்லாம் காய்ந்து கிடந்தது. இரைக்கு நான் கட்டிக் கொடுத்த கோழிக் கழுத்தைக் காணவில்லை. வழியில் நாய்க்குப் போட்டிருப்பார்.

இந்த நண்டெல்லாம் கடையில் வாங்கியவை.

மார்ச் 10, ஞாயிறு

ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. அறுபத்து இரண்டு வயதில் இவர் எங்கே போகிறார்? நினைக்கக் கூடாததை நினைத்தேன். யாராவது பெண்? நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு மறுபடியும் நினைத்தேன்.

மார்ச் 13, புதன்

இவரோடு கற்களில் உட்கார்ந்து நண்டு பிடிக்கும் பழைய தபால்காரர் வந்தார். இவர் ரேஷனுக்குப் போயிருந்த நேரம். "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா? ரெண்டு மாசமா ஆளக் காணோம். கடல்ல இருக்குற நண்டெல்லாம் உங்க வீட்டுக்காரர் எங்கன்னு என்னத்தான் கேக்குது" என்றார்.

ரெண்டு மாசம். நான் இரண்டு வாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தால் சொல்கிறேன் என்று அனுப்பினேன். நோட்டைத் திருப்பினேன். ஜனவரி 13இலிருந்து ஒன்பது சனிக்கிழமை. ஒன்பதிலும் என் கையெழுத்து. ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 14, வியாழன்

சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். தபால்காரர் வந்ததைச் சொன்னேன். இவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பொண்ணப் பாக்கப் போறேன்" என்றார்.

எந்தப் பொண்ணு என்று கேட்டேன். கடவுளே, அப்படித்தான் கேட்டேன்.

"நமக்கு எத்தன பொண்ணு இருக்கு?"

மார்ச் 15, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் நான் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாதம், ஒரு சனிக்கிழமை. இவர் கடலுக்குப் போயிருந்தார். மகள் ஒரே ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். கல்யாணமாகி ஒன்பது மாதம். சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே விரல் விரலாகப் பதிந்திருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். சோறு போட்டேன். பிறகு, கடவுள் முன்னால் சேர்த்து வைத்ததை நாம் பிரிக்கக் கூடாது, ஆண்பிள்ளை கோபம் நாளாக நாளாக அடங்கும், பொறுமையாக இரு என்று சொன்னேன். மருமகனுக்கு நானே போன் போட்டேன். அவன் அழுதான். எவ்வளவு மரியாதையாகப் பேசினான். மூன்றே முக்கால் பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறாள், ஒரு குழந்தை வந்தால் சரியாகிவிடும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். அவன் வீட்டில் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று. இரண்டு வருஷமாக.

அவள் அந்த வீட்டைவிட்டு வந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறதாம்.

முதலில் ஒரு தோழி வீட்டில் இருந்தாளாம். ஜனவரியில்தான் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். இங்கிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிஷம். பல் டாக்டரிடம் வேலை. அந்த மாடியிலேயே ஒரு அறை. இவர் போய்ப் பார்த்துவிட்டு, வெறும் கையோடு வந்தால் நான் கேட்பேன் என்று பஸ் நிலையத்துக்கு எதிரில் நண்டு வாங்கி வந்திருக்கிறார். திருப்பிக்கூடப் பார்க்காமல். அவளைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு நண்டின் வயிற்றைப் பார்க்க எங்கே மனம் இருக்கும்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். இவர் சத்தமே போடவில்லை.

"நீ திருப்பி அனுப்பிடுவன்னு அவளுக்குப் பயம்."

அவனைப் பார்த்துப் பயம் என்றால் புரிகிறது. என்னைப் பார்த்தா? பெத்தவளப் பாத்தா பயம்?

மார்ச் 16, சனி

இவர் வலை எடுக்காமல் கிளம்பினார். இனி எதற்கு அது. நான் வரட்டுமா என்று கேட்டு வரச் சொன்னேன்.

வேண்டாம் என்றாளாம்.

மார்ச் 23, சனி

வீட்டுக்கும் வரமாட்டாளாம், அறைக்கும் நான் வரக்கூடாதாம். அடுத்த வாரம் கற்களுக்கு வருகிறாளாம். அப்பாவோடு நண்டு பிடித்து நாளாயிற்று என்றாளாம். நான் வந்தால் வரட்டும் என்றாளாம். இந்த நாலு வார்த்தையை இவரை மூன்று தடவை சொல்லச் சொன்னேன்.

மார்ச் 30, சனி

ஏற்றம் காலை 7.20. நண்டு பதினொன்று. ஆண் எட்டு, பெண் மூன்று. விட்டது ஏழு.

பதினாறு வருஷம் கணக்கு எழுதியவள், இன்றுதான் முதல் தடவையாகக் கற்கள் மேல் உட்கார்ந்தேன். பாசி வழுக்கியது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் பேப்பர் பார்த்தே ஏற்ற வற்ற அட்டவணை கற்றுக்கொண்டேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. வலை இறக்கிய பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று அட்டவணையில் இல்லை.

மகள் மெலிந்திருக்கிறாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். "வாங்க, இந்தக் கல்லுல உக்காருங்க, அது ஆடும்" என்றாள். வாம்மா போம்மா என்று பேசிய பிள்ளை. தபால்காரர் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு இன்று வேறு கல்லுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷர்.

அவள் கயிறு இழுக்கும் விதம் அப்படியே இவர்தான். வெடுக்கென்று இல்லாமல், ஒரே சீராக. நண்டின் பின்பக்கம் விரல் வைத்துத் தூக்கித் திருப்பிப் பார்ப்பாள், கட்டையில் வைப்பாள், விடுவாள். ஆண், விட்டாச்சு. பெண், விட்டாச்சு. நான் எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தால் பேச வேண்டாம் அல்லவா.

இவர் இரைக்கு மீன் தலை வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். பையில் இரை நிறைய இருந்தது.

தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். வேறு நிறையத் தயார் செய்திருந்தேன், எதுவும் வரவில்லை.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறேன்னுதான் கேட்டேன். ஞாபகம் இருக்கா? இருந்துடறேன்னு கேக்கல. ஒரே ஒரு ராத்திரி."

ஞாபகம் இருந்தது. பதினைந்தாம் தேதி எழுத உட்கார்ந்தபோதுகூட இருந்தது. இதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

கிளம்பும்போது, வேலை செய்யும் இடத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். நான் யாரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு வலையை அலசப் போய்விட்டாள்.

ஏப்ரல் 5, வெள்ளி

நாளைக்கு அம்மாவை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இவர் சொல்ல முடியாமல் சொன்னார். போய்வாருங்கள் என்றேன். இரையை மட்டும் கட்டி வைத்தேன்.

ஏப்ரல் 6, சனி

ஆண் நான்கு. அவள் சிரித்தாளாம், எதற்கென்று இவருக்கு ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

பகல் பதினொன்றரை. இவர் பென்ஷன் ஆபீஸுக்குப் போயிருந்தார். வாசல் மணி அடித்தது. மருமகன்.

சலவைச் சட்டை, கையில் பழப்பை. குனிந்து கும்பிட்டான். "அத்தை, அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றான். தெரியாது என்றேன். மாமா அடிக்கடி பஸ்ஸில் போவதாகக் கேள்விப்பட்டேன் என்றான். இவர் வைத்தியத்துக்குப் போகிறார் என்றேன். எந்த டாக்டர் என்று கேட்டான். இல்லாத ஒரு டாக்டரின் பெயரும், இல்லாத ஒரு தெருவும் வாயில் தானாக வந்தன.

கதவை முழுக்கத் திறக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை.

போகும்போது சொன்னான்: "அப்போ எல்லாரும் என்னைத்தான் குத்தம் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் அத்தை என் பக்கம் பேசினீங்க. அத நான் மறக்க மாட்டேன்."

தாழ் போட்டுவிட்டுக் கதவிலேயே சாய்ந்து நின்றேன். பழப்பை வாசலிலேயே கிடந்தது.

இவர் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் தேடுகிறான், பஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டான், ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள், இனி சனிக்கிழமை வேறு வழியாகப் போங்கள் என்றேன். இவர் உடனே போனை எடுத்தார். நம்பர் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ அவன்கிட்ட என்ன சொன்னன்னு சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவள் கேட்டது அதுவல்ல. அவள் கேட்ட ராத்திரி போய்விட்டது.

விளக்கு வைத்து ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். இன்றைய குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோபம், சோம்பல், பக்கத்து வீட்டுக்காரி மேல் பொறாமை. மூன்று பொய் சொன்னேன், அதையும் சொன்னேன். அவற்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.