மாவிலைக்காரி

14-6-1992, ஞாயிறு, கள்ளிக்குப்பம்

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கும் தாவரவியல் டீச்சர் வஹீதுன்னிசா என் மாமரத்தில் இலை பறிக்கிறாள். தோரணம் கட்டப் பறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதி போட்டு நோட்டில் ஒட்டப் பறிப்பவளை இன்றுதான் பார்த்தேன்.

"சார், உங்க கம்பெனியப் பாத்த பக்கம் மட்டும் இலையோரம் கருகுது. காத்துல அமிலம் இருக்கு."

பதினாறு வருஷமாக உலோகத்துக்கு முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு மரம் பாடம் எடுக்கிறதாம்! சரியான மாவிலைக்காரி.

19-6

அமிலப் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பரை நிறுத்தச் சொன்னார் மேனேஜர். கரண்ட் வீணாம். நிறுத்தினேன். நாளைக்குப் பழி என் தலையில் விழக்கூடாது, எழுதி வைக்கிறேன்.

2-7

மறுபடி நிறுத்தம். மகள் கஸ்தூரிக்கு இளைப்பு. கண்ட ஐஸைத் தின்றால் இப்படித்தான்.

15-7

மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வு அதிகாரி வருகிறார் என்று காலையிலேயே ஸ்க்ரப்பர் ஓடியது. கேட் ஓரத்து வேப்பமரங்களுக்குக் குழாய் பிடித்துக் குளியல் வேறு. "பசுமையா வச்சிருக்கீங்களே" என்று காபி குடித்துக் கையெழுத்துப் போட்டுப் போனார் அந்த மேதாவி. கார் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்க்ரப்பரை நிறுத்தியாயிற்று.

ஆபரேட்டர் கஜபதி சிரித்தான். "மரத்தக் கய்விட்டோம், ரைட்டு. நம்ம நெஞ்ச இன்னாத்த ஊத்திக் கய்வுறது சார்?"

வாயை மூடு என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

9-8, ஞாயிறு

ஐயோ, ஏழு வயசுப் பொண்ணு. உதடெல்லாம் நீலம் பூத்துப் போச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரி. இன்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மனைவி சுசீலா, கம்பெனியைப் பார்த்த ஜன்னலோரம் கிடந்த கஸ்தூரியின் கட்டிலை மறுபக்கம் இழுத்துப் போட்டாள்.

பார்க்க வந்த டீச்சர் நோட்டை விரித்தார். புதிதாகக் கருகிய இலைகள் - 21-6, 4-7, 17-7. "அதுக்கு முன்னாடி அங்க என்ன நடந்துச்சுன்னுதான் தெரியல சார்."

எனக்குத் தெரியும். மூன்றுமே இந்த நோட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றும் சரியாக இரண்டு நாள் முன்னால். அவர் நோட்டை மூடிக் கையில் கொடுத்தேன், கோழை.

12-8

டீச்சர் நாளை இலைகளோடு அந்த ஆய்வு அதிகாரிக்கு மேலதிகாரியைப் பார்க்கப் போகிறார். இந்த நோட்டையும் கொடுத்தனுப்பப் போகிறேன். வேலை போகும். போகட்டும்.

முதல் பக்கத்தில் அவரை என்னவென்று எழுதியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். ஒரு பக்கம் கிழிந்திருந்தாலும் மற்றதை நம்பமாட்டார்கள்.

படிக்கட்டும்.